பங்குனியில் தோண்டிய குழி

உன் கடிதமும் நீலக் காகிதத்தில் போட்ட வீட்டு வரைபடமும் வந்து சேர்ந்தன. ஆவணியில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, தையில் கல்யாணம் ஆகிப் பெண்ணை அழைத்து வரும்போது வீடு எழும்பியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நம் வீட்டுக்குத் தெற்கே, குளத்துக்குக் கீழே கிடக்கும் வயல் என் பெயரில் இருப்பதால் என் கையெழுத்து வேண்டும் என்கிறாய். பணிவாகத்தான் கேட்டிருக்கிறாய். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு விஷயத்தைச் சற்றுப் பெருமையோடு எழுதியிருக்கிறாய். பங்குனியில் வந்திருந்தபோது அந்த வயலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தாயாம். பத்தே நிமிஷத்தில் குழி வற்றிவிட்டதாம். "செப்டிக் டேங்க் வைத்தால் கழிவுநீர் எங்கே போகும் என்று நீங்கள் கவலைப்படவே வேண்டாம் அம்மா, இந்த மண் எதையும் குடித்துவிடும்" என்று எழுதியிருக்கிறாய். இஞ்சினீயரிங் படித்து வந்த பிறகும், உன் அம்மா செய்த முட்டாள்தனத்தைத் துளியும் மாற்றாமல் நீ அப்படியே செய்திருக்கிறாய்.

நான் கொஞ்சிக் கடிதம் எழுதுகிறவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். பெயர் போடவில்லை. போடாவிட்டாலும் இந்த ஊரில் தெரிந்துவிடும், தெரியட்டும். சம்பளக்காரர்கள் எல்லோரும் இப்போது மலிவாகக் கிடைக்கிறது என்று குளத்துக்குக் கீழே வயலை வாங்கி மனையாக்குகிறார்கள். ஆளுக்கொரு செப்டிக் டேங்க் வைக்கப்போகிறார்கள். அவர்களும் பங்குனியில்தான் குழி தோண்டுவார்கள், ஏனென்றால் மழைக்காலத்தில் அந்த மண்ணில் வேட்டி நனையாமல் யாரும் நிற்க முடியாது.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குச் சற்று முன்னால், சிமெண்டு கடையில் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில், உன் அப்பா இந்த வீட்டைக் கட்டினார். உன்னைப் பாளையங்கோட்டையில் விடுதியில் சேர்த்திருந்தோம். சர்க்கார் உத்தியோகத்தில் அவருக்கு மேலே இருந்தவர்கள் வீட்டில்கூட அப்போது எடுப்புக் கக்கூஸ்தான். காலையில் ஒருத்தி வந்து வாளியில் அள்ளித் தலையில் சுமந்து போவாள். அதை நான் வெறுத்தேன். அந்த வெறுப்பு உண்மையானது. அதோடு, கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்து பன்னிரண்டு வருஷம் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தான் படித்தவள் என்று ஊருக்குக் காட்ட ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது. அதுவும் உண்மை. டேங்கின் நீள அகலத்தை நான்தான் கணக்குப் போட்டேன். மண் சோதனையையும் நான்தான் செய்தேன், பங்குனி மாதத்தில், உன் அப்பாவின் பாக்கெட் கடிகாரத்தை வைத்துக்கொண்டு.

குழி தோண்டியவன் கோமுவின் புருஷன். கோமுவை உனக்குத் தெரியும். தெற்கே வயலைத் தாண்டி, பள்ளத்தில் இருக்கிற கீதாரி வீடு. அவர்கள் ஆடு மேய்க்கிறவர்கள். கோடையில் வயல்களில் ஆட்டைக் கிடை போட்டு உரத்துக்கு நெல் வாங்கிக்கொள்வார்கள். நான் குடம் குடமாக ஊற்ற ஊற்றத் தண்ணீர் போன இடம் தெரியவில்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கைவரை போகும். நான் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னான்: "யம்மா, இது வெடிப்புல்லா குடிக்குது, மண்ணு குடிக்கல. ஐப்பசில பாருங்க, இந்தத் தரை வாய மூடிரும். மழைல நாங்க இங்கன கிடை போட மாட்டோம். ஆட்டுக்குக் குளம்பு அழுவிப் போவும்."

"நாங்க ஆடு இல்லையேப்பா" என்றேன் நான்.

கொத்தனாரும் சித்தாள்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். அவனும் சிரித்தான், வேறு என்ன செய்வான்? நான் அன்று முழுவதும் என் சாமர்த்தியத்தை நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். ஒரு மண்ணைப் பற்றி அது மிக மோசமாக இருக்கிற மாதத்தில்தான் கேட்க வேண்டும் என்பதை அவன் ஆட்டின் காலைப் பார்த்துக் கற்றிருந்தான். எனக்குப் பல்கலைக்கழகம் அதைச் சொல்லித் தரவில்லை என்று எழுத ஆசைதான். சொல்லித் தந்திருந்தது. களிமண் ஈரத்தில் உப்பும் என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

முதல் வருஷம் மழை பொய்த்தது. குளத்தில் முழங்கால் தண்ணீர்தான். எல்லாம் நன்றாக நடந்தது. சிவகிரியிலிருந்து உன் பெரியப்பா குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு வந்து நம் கக்கூஸைப் பார்த்துவிட்டுப் போனது. அப்பாவின் அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். நான் பீங்கான் கோப்பையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டுவேன். அது கடகடவென்று இறங்கும். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு அம்மனைப் பார்ப்பதைப்போல இதைப் பார்ப்பதும் ஒரு வேலையாகிவிட்டது. சிரித்தவள் கோமு ஒருத்திதான். நம் கிணற்றில் தண்ணீர் எடுக்க வந்தவள், அப்படியே வீடுவரை நடந்து வந்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "திங்குத வீட்டுக்குள்ளயே வெளிக்கு இருக்கவும் செய்வியளா? யம்மா, எங்க ஆடுகூட திங்குத இடத்த விட்டு நாலு எட்டுத் தள்ளிப் போவுமே" என்றாள்.

"ஏட்டி, உனக்கு இதெல்லாம் புரியாது. நாற்றம் வருதா பாரு."

"நாத்தம் வரலம்மா. அதான் பயமா இருக்கு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள்.

கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்று வட்டாரத்தில் கரிசல் கிணறுகளெல்லாம் உப்பு. குளத்தின் கசிவால் நம் கிணறு மட்டும் தித்திக்கும். வயலின் தென்மூலையில், கோமு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் இறைத்துக்கொள்ள அப்பா அனுமதித்திருந்தார். தர்மம் என்று நினைத்திருந்தோம்.

இரண்டாவது வருஷம் ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாளில் குளம் நிரம்பியது. நீ படித்திருக்கிறாய், இருந்தாலும் எழுதுகிறேன், பத்திரிகையில் படிக்கிறவர்களுக்காக. செப்டிக் டேங்க் எதையும் மறையச் செய்வதில்லை. கெட்டியானது அடியில் தங்கி அழுகும். தண்ணீர் மேலாக வழிந்து உறிஞ்சுகுழிக்குப் போகும். அங்கிருந்து அதைக் குடிக்க வேண்டியது மண். மேட்டு நிலத்தில், சரிவில், மண் குடிக்கும், குடிக்கும்போதே கொஞ்சம் சுத்தமும் செய்யும். தட்டையான தாழ்ந்த நிலத்தில் மழை பெய்தால் தண்ணீர் ஓட இடம் கிடையாது. கீழேயிருந்து ஊற்று ஏறும், மேலேயிருந்து மழை இறங்கும், நடுவில் கரிசல் உப்பி வாயை மூடிக்கொள்ளும். வயிறு முட்டக் குடித்தவனிடம் இன்னொரு குடத்தை நீட்டுவதுபோல நாம் தினமும் வாளி வாளியாக ஊற்றினோம். முதலில் கோப்பையில் தண்ணீர் தயங்கியது. பிறகு குளிக்கும்போதெல்லாம் கோப்பைக்குள்ளிருந்து குமிழி வந்தது. பிறகு ஒருநாள் எல்லாம் திரும்பி மேலே வந்தது. உறிஞ்சுகுழியைச் சுற்றிப் புல் கரும்பச்சையாகச் செழித்திருந்தது. அதற்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீர் வயலெல்லாம் பரந்து, தென்மூலையில் கிணற்றின் சுற்றுக்கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது. நெசவாளர் தெருவிலிருந்து நூலுக்குப் போடும் சிவப்புச் சாயப்பொடி வாங்கிவரச் சொல்லி, அதைக் கரைத்துக் கோப்பையில் ஊற்றினேன். மூன்றாம் நாள் கிணற்றுத் தண்ணீரை வெள்ளை எனாமல் கிண்ணத்தில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வெற்றிலை போட்டவன் வாய் கொப்பளித்த தண்ணீரைப்போல, மிக லேசாக ஒரு சிவப்பு. வெள்ளைக் கிண்ணத்தில் பார்த்தால்தான் தெரியும். பித்தளைக் குடத்தில் தெரியாது. கோமுவிடம் இருந்தது பித்தளைக் குடம்.

கிண்ணத்தை உன் அப்பாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு ஜன்னல் கதவைச் சாத்தினார். "இத யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. கோமு வீட்டுல சொல்லணும்."

"சொல்லி? ஊரே வந்து பாத்துட்டுப் போயிருக்கு. இப்பம் கிணத்துல மலம் கலக்குதுன்னு நீயே தண்டோரா போடுதியா? நாளைக்கு ஆபீஸ்ல நான் மூஞ்சில முழிக்க வேண்டாமா? வெந்நி போட்டுக் குடி. மழை நின்னா சரியாப் போவும்."

உன் அப்பா காலமாகி மூன்று வருஷமாகிறது. பழியை அவர்மேல் போட்டுவிட்டு நான் நல்லவளாக ஒதுங்கிக்கொள்வது எளிது. ஆனால் அவர் சொன்னபோது என் மனதில் எழுந்தது நிம்மதி. அவர் தடுக்கவில்லை என்றால், குளம்பைப் பற்றிச் சொன்னவனிடம் போய், நீ சொன்னதுதான் சரி என்று நான் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதை என்னால் செய்ய முடியாது என்பதை அவர் கண்டுகொண்டார். அவர் அனுமதித்தார், நான் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நம் வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடித்தோம்.

கோமு அதையும் கவனித்தாள். "என்னம்மா, நித்தமும் வெந்நி? யாருக்குச் சேட்டம் இல்ல?"

"எனக்குத்தான் சளி" என்றேன்.

"மிளகத் தட்டிப் போட்டுக் குடிங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு கப்பியில் ஓடிய சத்தத்தைக்கூட நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். "கொதிக்கவச்சுக் குடி" என்றுகூடச் சொல்ல வேண்டாம், "நீயும் வெந்நி போட்டுக்கோ" என்றால் போதும், எந்தக் காரணமும் சொல்லாமல். அந்த அளவுக்குக்கூட நான் வாயைத் திறக்கவில்லை. அவள் ஏன் என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

ஐப்பசிக் கடைசியில் அவளுடைய மூத்த மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பதினாறு வயது. தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, ராயகிரிப் பக்கம் மாப்பிள்ளை. இரண்டு வாரமாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. வயிறு உப்பியது. டைபாய்டு விஷக்காய்ச்சல் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் கஞ்சி கொண்டுபோனேன். மாத்திரை கொண்டுபோனேன். நெற்றியிலும் வயிற்றிலும் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். அதைப் பார்த்து நான் மனதுக்குள் இளக்காரமாக நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் புற்றுமண் யாரையும் கொல்லவில்லை. அந்தப் பெண் நாக்கு வறண்டு, "யம்மா, பச்சத்தண்ணி தா" என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். கோமு என் கண் முன்னால் அந்தக் குடத்திலிருந்து செம்பில் ஊற்றி, தலையைத் தாங்கிக் குடிக்க வைத்தாள். நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கார்த்திகை இருபதாம் நாள் அந்தப் பெண் இறந்தாள்.

நீ அரைப்பரீட்சை விடுமுறைக்கு வந்தபோது கக்கூஸ் பூட்டிக் கிடந்தது. குழாய் உடைந்துவிட்டது என்று சொன்னோம். டேங்கை மண் போட்டு மூடிவிட்டு எடுப்புக் கக்கூஸுக்கே திரும்பினோம். கிணறு ஒரு வருஷத்தில் தெளிந்தது. உனக்கு அந்தக் காலத்தில் நினைவிருப்பது, அம்மா எவ்வளவு சுத்தக்காரி, தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் தர மாட்டாள் என்பதுதான். உன் வருங்கால மாமனாரிடமும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டாயாம். இனிமேல் சொல்லாதே.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அந்த வருஷம் ஆடித் தபசுக்கு நூற்றியெட்டு ஆடிச்சுற்று சுற்றுவதாகக் கோமு வேண்டிக்கொண்டிருந்தாள், மகள் கல்யாணத்துக்காக. ஆடு குட்டி போடுகிற நேரம், பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டாள். மகள் செத்தது அதனால்தான் என்று அவளே தீர்மானித்துக்கொண்டாள். அம்மனிடம் வாக்குத் தவறியதற்குத் தண்டனை. அதற்காகப் பதினான்கு வருஷமாக ஒவ்வொரு ஆடியிலும் வெறுங்காலோடு கோயிலைச் சுற்றுகிறாள். கோமு அக்காவுக்கு என்ன பக்தி என்று நீ வியந்திருக்கிறாய். நான் கடவுளை நம்புகிறவள் அல்ல. அந்த நம்பிக்கை தவறு என்று நிரூபிக்கும் சாட்சியும் நான்தான். ஆனாலும் அந்தத் தவறான நம்பிக்கை எனக்கு வசதியாக இருந்தது. அவள் தன்னையே குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு சுற்றச் சுற்ற, நான் வீட்டில் உட்கார்ந்து பத்திரிகைகளில் மூடநம்பிக்கையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

உன் வரைபடத்தில் டேங்க் வீட்டுக்குத் தெற்கே இருக்கிறது. உறிஞ்சுகுழி அதற்கும் தெற்கே. கிணறு அங்கிருந்து முப்பது அடி. அந்தக் கிணற்றில் இப்போது கோமுவின் மகன் வீட்டில் மூன்று குழந்தைகள் தண்ணீர் குடிக்கிறார்கள். பட்டணத்துப் பெண் வெட்டவெளிக்குப் போகமாட்டாள் என்கிறாய். போக வேண்டாம். வடக்கே பனவடலிசத்திரம் போகும் சாலையில் செம்மண் மேடு, அந்தச் செவல் மேடு இருக்கிறது, அங்கே கட்டலாம். இங்கேதான் கட்டுவேன் என்றால் ஐப்பசியில் வா. குளம் நிரம்பிய பிறகு குழி தோண்டு. தோண்டும்போதே ஊற்று வந்தால் மண்வெட்டியை வைத்துவிட்டுப் போ, அங்கே டேங்கே கூடாது. வராவிட்டால் ஒரு பகலும் ஒரு இரவும் குழியைத் தண்ணீரால் நிரப்பியே வை, மண் குடிக்கிற வரைக்கும் குடிக்கட்டும். அதற்குப் பிறகு ஊற்றுகிற தண்ணீர் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார். அந்த நேரம்தான் கணக்கு. முதல் குடம் இறங்குவது கணக்கே இல்லை. இதை எனக்குச் சொல்ல ஒருவன் இருந்தான். உனக்கு நான் இருக்கிறேன். என்னைப்போல நீயும் சிரிக்கலாம். ஆனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று இனி உன்னால் சொல்ல முடியாது.

உன் கடிதம் வந்த மறுநாள் கோமுவிடம் போனேன். தபசு முடிந்து வந்து, வீங்கிய காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "வாங்கம்மா, ஏது இம்புட்டுத் தூரம்?" என்றாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், சாயப்பொடியையும் வெள்ளைக் கிண்ணத்தையும் சேர்த்து. அவள் எண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"அப்பம் நீங்க என்ன தண்ணி குடிச்சிய?"

"வெந்நீர்."

"சளின்னு சொன்னிய."

"பொய் சொன்னேன்."

"அவ பச்சத்தண்ணி கேட்டப்பம் நீங்க அங்கன நின்னிய. கஞ்சி கொண்டாந்திருந்திய."

"ஆமா."

அவள் எண்ணெய்ப் புட்டியை மூடித் திண்ணையில் தள்ளிவைத்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் வாயிலிருந்து ஏதாவது நல்ல வார்த்தை வந்துவிடும், அதை வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்து தூங்குவேன் என்று தெரிந்திருந்தது. அவள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "பதினாலு வருசம் நான் ஆத்தாள ஏசிருக்கேன், தெரியுமா? நேந்துக்கிட்டே ஏசிருக்கேன். ஒரு பாவமும் அறியாத ஆத்தாள" என்றாள். பிறகு, "இப்பம் எதுக்குச் சொல்லுதிய?" என்று கேட்டாள். நீ வீடு கட்டப் போகிறாய் என்றேன். டேங்க் எந்த இடத்தில் வரப்போகிறது என்று வாசலில் வந்து நின்று கையைக் காட்டினேன். உன்னைத் தடுத்துவிடுகிறேன், கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

அப்போதுதான் அவள் சிரித்தாள். "எதுக்குத் தடுக்கிய? கட்டட்டும். நல்லாக் கட்டட்டும். ஆனா ஒண்ணு. உங்க மவனும், வரப்போற மருமவளும், அவ பெறப்போற பிள்ளையளும் இதே கிணத்துல எங்ககூடப் பச்சத்தண்ணி குடிக்கணும். மழைக்காலம் பூரா. அடுப்புல வெந்நி ஏறுச்சுன்னா நான் உள்ள வந்து பானைய ஒடைப்பேன். அதுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம். எழுதிக் கேளுங்க. போங்க."

ஆகவே கேட்கிறேன். இதைவிட நல்ல மண் சோதனை எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் தடுக்கப்போவதில்லை. பத்திரம் தயாராக இருக்கிறது, என் கையெழுத்தும் தயார். அவள் சொன்னதற்குச் சம்மதம் என்று ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பு. உன்னுடைய கையெழுத்து மட்டும் போதாது. இந்தக் கடிதத்தை நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணிடம் கொடுத்து, அவளைப் படிக்கச் சொல்லி, அவளுடைய கையெழுத்தையும் வாங்கி அனுப்பு.

அம்மா